முதலாளிகளின் நடுவர்: ஃபிராங்க் கால்டரும் என்.எச்.எல்.லின் முதல் கால் நூற்றாண்டும்

வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல்., தன் முதல் தலைவருக்குப் பேசிய சம்பளம் 800 டாலர். செயலாளர் வேலையும் பொருளாளர் வேலையும் அந்தச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கம். 1917 நவம்பரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஃபிராங்க் கால்டர், 1943 பிப்ரவரியில் இறக்கும்வரை அதைவிட்டு இறங்கவில்லை. முதல் பருவத்திலேயே மூன்று அணிகளாகக் குறைந்து தள்ளாடிய லீக், பத்து அணிகளாகப் பெருகியதும் ஆறாகச் சுருங்கியதும் அவர் காலத்தில்தான். இன்றும் ஆண்டின் சிறந்த புதுமுக வீரருக்குத் தரப்படும் கோப்பை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவரைப் பற்றி ஹாக்கி வரலாறு எழுதுபவர்களிடையே ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. சம்பளம் கொடுப்பவர்கள் அணி முதலாளிகள். அந்த முதலாளிகளுக்கு இடையேயும், முதலாளிக்கும் ஆட்டக்காரருக்கும் இடையேயும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கால்டர். அப்படிப்பட்டவரை நடுவர் என்பதா, முதலாளிகளின் ஆள் என்பதா? பழைய ஹாக்கி எழுத்தாளர்களுக்கு அவர் கண்டிப்பும் நேர்மையும் கொண்ட பெரிய மனிதர். மோரி ஹோல்ஸ்மன், ஜோசப் நீஃபோர்த் இருவரும் 2002இல் எழுதிய நூலோ, லீகின் பிறப்பையே ஒருவரை வெளியே தள்ளுவதற்கான சூழ்ச்சியாகப் பார்க்கிறது. ஜான் வோங், ஆண்ட்ரூ ராஸ் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் சூழ்ச்சி என்ற சொல்லைவிட வியாபாரம் என்ற சொல்லையே விரும்புகிறார்கள். கால்டர் எடுத்த முக்கியமான முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த மூன்று தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருப்பது தெரியும். ஆனால் மூன்றுக்கும் எடை ஒன்றல்ல.

கால்டர் 1877இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் தறுவாயில் கனடாவுக்குக் கப்பலேறினார். முதலில் பள்ளி ஆசிரியர். பிறகு மொன்ட்ரியல் செய்தித்தாள்களில் விளையாட்டு நிருபராகச் சேர்ந்து, விளையாட்டுப் பகுதிக்கே ஆசிரியரானார். பனியிலேயே வளர்ந்த கனடாக்காரர்கள் நடத்திய ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த ஆள் இவர். அதுவே அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கும்: எந்த ஊர் அணிக்கும் பிறவி ரசிகர் என்ற பேச்சு அவர்மேல் ஒட்டாது. 1914இல், அன்றைய பெரிய தொழில்முறை லீகான நேஷனல் ஹாக்கி அசோசியேஷன், அதாவது என்.எச்.ஏ., அவரைச் செயலாளராக அமர்த்திக்கொண்டது.

இந்த இடத்தில் ஆட்டத்தின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்த சண்டைகள் வெறும் ஆள் பகையாகத் தெரியும். ஐஸ் ஹாக்கிக்கு மைதானம் இருந்தால் போதாது, பனி வேண்டும். அந்தக் காலத்தில் கிழக்குக் கனடாவின் பெரும்பாலான அரங்குகள் குளிரை நம்பித்தான் பனித்தளம் போட்டன. வெயில் அடித்தால் தளம் கஞ்சியாகிவிடும், ஆட்டம் ரத்தாகும், டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டும். டொரொண்டோவின் மியூச்சுவல் தெருவில் 1912இல் திறந்த அரீனா கார்டன்ஸ் அரங்கிலோ செயற்கைப் பனி. அதனால் டொரொண்டோ இல்லாமல் லீக் நடத்துவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆனால் டொரொண்டோ அணி எட்டி லிவிங்ஸ்டன் என்பவர் கையில் இருந்தது. அங்கேதான் சிக்கல்.

லிவிங்ஸ்டன் சட்டம் பேசுகிற மனிதர். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படிப்பார், படித்ததை வைத்துக் கடிதம் எழுதுவார், கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் வழக்குத் தொடுப்பார். 1915இல் டொரொண்டோவின் இரண்டு அணிகளும் அவர் வசம் வந்தபோது, ஒன்றை விற்கச் சொல்லி என்.எச்.ஏ. வற்புறுத்தியது, அவர் இழுத்தடித்தார். அதற்குள் மேற்குக் கரையில் பாட்ரிக் சகோதரர்கள் நடத்திய லீக், சியாட்டிலில் தொடங்கிய புது அணிக்காக அவருடைய முன்னணி ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மொன்ட்ரியல் வாண்டரர்ஸ் முதலாளி சாம் லிக்டென்ஹைனும் மொன்ட்ரியல் கனடியன்ஸ் முதலாளி ஜார்ஜ் கென்னடியும் அவரோடு ஓயாமல் மோதினார்கள். இந்தச் சண்டையில் லிவிங்ஸ்டன் ஒன்றும் பசு அல்ல. ஆனால் பல இடங்களில் சட்டம் அவர் பக்கம் இருந்தது. மற்றவர்களுக்கு எரிச்சலூட்டியது அதுதான்.

1916-17 பருவத்தில் ராணுவத்தின் 228ஆம் பட்டாலியனே ஓர் அணியாக என்.எச்.ஏ.வில் ஆடியது. காக்கிச் சட்டையில் ஆடிய அந்த அணிக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. பருவத்தின் நடுவில், 1917 பிப்ரவரியில், பட்டாலியனுக்குப் போர்முனைக்குப் போக உத்தரவு வந்தது. மிஞ்சியது ஐந்து அணிகள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் அட்டவணை போடுவது சிரமம். அந்தச் சாக்கை மற்ற முதலாளிகள் விடவில்லை. பிப்ரவரி 11ஆம் தேதி மொன்ட்ரியலில் கூடி, டொரொண்டோ அணியையும் பருவத்திலிருந்து நீக்கி, அதன் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பட்டாலியன் போனதற்கும் லிவிங்ஸ்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தண்டனை மட்டும் அவருக்கு.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு தடை குறுக்கே நின்றது. என்.எச்.ஏ.வின் சட்டதிட்டப்படி லிவிங்ஸ்டனை ஒரேயடியாக வெளியே போடுவது எளிதல்ல. போட்டால் கோர்ட்டுக்குப் போவார் என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே அவரை வீட்டைவிட்டு வெளியேற்றாமல், மற்றவர்கள் எல்லாரும் வேறு வீட்டுக்குக் குடிபோவது என்று முடிவானது. 1917 நவம்பர் 26ஆம் தேதி, மொன்ட்ரியலின் வின்ட்ஸர் ஹோட்டலில், கனடியன்ஸ், வாண்டரர்ஸ், ஒட்டாவா, கியூபெக் அணிகளின் ஆட்கள் கூடி என்.எச்.எல். என்ற புது லீகை ஏற்படுத்தினார்கள். டொரொண்டோவின் இடம் மியூச்சுவல் தெரு அரங்கை நடத்திய கம்பெனிக்குப் போனது. லிவிங்ஸ்டன் பெயருக்கு என்.எச்.ஏ.வின் உறுப்பினராகவே இருந்தார். அங்கே ஆடத்தான் ஆளில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்த கால்டரிடம், பத்திரிகையில் அவருக்குப் பின் அதே பொறுப்புக்கு வந்த எல்மர் ஃபெர்குஸன் என்ன நடந்தது என்று கேட்டதாகவும், பெரிதாக ஒன்றுமில்லை என்று கால்டர் கையை விரித்ததாகவும் ஒரு கதை உண்டு. ஃபெர்குஸனே பல ஆண்டுகள் சொல்லிவந்த கதை என்பதால் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனாலும் கால்டரின் சுபாவத்துக்கு அது பொருந்துகிறது. செய்தித்தாளில் வேலை பார்த்தவருக்கு எதைச் சொன்னால் தலைப்புச் செய்தியாகும் என்று தெரியும். அதனால் எதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

இந்த அத்தியாயத்தில் கால்டரின் பங்கு என்ன? திட்டம் முதலாளிகளுடையது. ஆனால் அவர் அப்போது என்.எச்.ஏ.வின் செயலாளர்; அந்தச் சங்கத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும், லிவிங்ஸ்டன் உட்பட, பொதுவாக நிற்க வேண்டிய பதவி அது. அந்தப் பதவியில் இருந்துகொண்டே, உறுப்பினர் ஒருவரைக் கழற்றிவிடப் போட்ட புது அமைப்பின் தலைவரானார். பழைய எழுத்தாளர்கள் இந்த இடத்தை விரைவாகக் கடந்துபோகிறார்கள். கடந்துபோகக் கூடாத இடம் இது.

முதல் பருவம் டிசம்பர் 19இல் தொடங்கியது. மொன்ட்ரியலில் வாண்டரர்ஸும் டொரொண்டோவும் மோதிய முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் எழுநூறு பேர்தான் என்பார்கள். வாண்டரர்ஸ் 10-9 என்று வென்றது. அதுதான் அவர்களுடைய ஒரே வெற்றி. 1918 ஜனவரி 2ஆம் தேதி அவர்கள் ஆடிய வெஸ்ட்மவுண்ட் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. லிக்டென்ஹைன் அணியை மூடிவிட்டார். கியூபெக் ஏற்கெனவே அந்தப் பருவம் ஆடவில்லை. மிச்சம் மூன்று அணிகள். அதில் ஒன்றான டொரொண்டோ, பெரும்பாலும் லிவிங்ஸ்டன் சேர்த்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, அந்த ஆண்டின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. தன் ஆட்களை வைத்து அரங்கக் கம்பெனி சம்பாதித்த பணத்தைக் கேட்டு லிவிங்ஸ்டன் வழக்குப் போட்டார். வழக்கின் சுமை தாங்காமல் அரங்கக் கம்பெனியின் அணி 1919 பிப்ரவரியில் பருவத்தின் நடுவிலேயே விலகியது. லீகில் மிஞ்சியது இரண்டு அணிகள். அந்த வசந்தத்தில் சியாட்டிலில் நடந்த கோப்பை இறுதித் தொடர் ஸ்பானிஷ் காய்ச்சலால் பாதியில் நின்றது. கனடியன்ஸ் வீரர் ஜோ ஹால் ஏப்ரல் 5ஆம் தேதி அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார். இந்த நிலையில் லீக் மூடப்பட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

மூடப்படாமல் இருந்ததற்குக் கால்டரின் ஒரு குணம் காரணம்: நடைமுறை எதைக் கேட்கிறதோ அதை உடனே விதியாக்கிவிடுவார். அன்றைய விதிப்படி கோல்கீப்பர் பக் என்ற ரப்பர் வட்டைத் தடுக்க வேண்டுமென்றே தளத்தில் விழக் கூடாது, விழுந்தால் தண்டனை. ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட் ஆட்டத்துக்கு ஆட்டம் விழுவார். கால் இடறியது என்பார். மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்கிறாரா என்று எதிரணி ரசிகர்கள் கேலி செய்வார்கள். விழுந்தாரா, விழவிட்டாரா என்று நடுவர் ஒவ்வொரு முறையும் மனத்தைப் படிக்க வேண்டியிருந்தது. 1918 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, கால்டர் அந்த விதியைத் தூக்கிவிட்டார். வேண்டுமானால் தலைகீழாகக்கூட நிற்கட்டும் என்ற பாணியில் அவர் சொன்னதாகச் சொல்வார்கள். இன்று கோல்கீப்பர்கள் முழங்காலில் சரிந்து வலையை அடைத்து நிற்கும் கலை முழுவதும் அந்த ஒரு முடிவுக்குப் பின்னால் வந்ததுதான்.

1929இலும் இதே வேகம். அதற்கு முந்தைய பருவத்தில் கோல் வறட்சி உச்சத்தில் இருந்தது; கனடியன்ஸ் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22இல் ஒரு கோலும் விடவில்லை. மக்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தது இதையல்ல. எனவே எல்லாப் பகுதியிலும் பக்கை முன்னோக்கித் தள்ளிக் கொடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். உடனே ஆட்டக்காரர்கள் எதிரணி வலைக்கு முன்னாலேயே போய்க் காத்து நிற்கத் தொடங்கினார்கள், கோல் மழை. சில வாரங்களில், டிசம்பரிலேயே, பக் போவதற்கு முன் ஆள் போகக் கூடாது என்ற ஆஃப்சைடு விதி வந்துவிட்டது. விதிகளை வகுத்தவர்கள் முதலாளிகள் சபையும் பயிற்சியாளர்களும். ஆனால் பருவம் முடியட்டும் என்று காத்திராமல் தவறைத் திருத்தும் பழக்கம் கால்டர் நிர்வாகத்தின் முத்திரை.

இனி ஹாமில்டன். கால்டரை எடைபோட ஒரே ஒரு சம்பவம்தான் கிடைக்கும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

லிவிங்ஸ்டன் போட்டி லீக் ஒன்றைத் தொடங்கப் பார்க்கிறார் என்ற பேச்சு எழுந்தபோது, அவருக்கு இடம் கிடைக்காதபடி, 1920இல் கியூபெக் அணியை ஒன்டாரியோவின் எஃகு ஆலை நகரான ஹாமில்டனுக்கு மாற்றினார்கள். ஹாமில்டன் டைகர்ஸ் நான்கு பருவங்கள் கடைசி இடத்திலேயே கிடந்தது. ஐந்தாவது பருவமான 1924-25இல் எழுந்து முதலிடம் பிடித்தது. அதே பருவத்தில் லீகில் பாஸ்டன் புரூயின்ஸும் மொன்ட்ரியல் மரூன்ஸும் புதிதாகச் சேர்ந்தன. பாஸ்டன் கட்டிய நுழைவுப் பணம் 15,000 டாலர். ஆட்டங்களின் எண்ணிக்கை 24இலிருந்து 30ஆக ஏறியது. முதலாளிகளுக்கு வருமானம் ஏறியது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஏறவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும் ரயிலில், ஹாமில்டன் ஆட்டக்காரர்கள் நிர்வாகி பெர்சி தாம்சனிடம் விஷயத்தைச் சொன்னார்கள். ஆளுக்கு 200 டாலர் கூடுதலாகத் தராவிட்டால் இறுதிச் சுற்றில் ஆட மாட்டோம். அவர்களுக்குத் தலைமை கேப்டன் ஷார்ட்டி கிரீன். உலகப் போரில் விஷவாயுத் தாக்குதலைக் கண்டு வந்தவர். கேட்ட தொகை பெரியதல்ல. கேட்ட நியாயமும் எளிது: ஆறு ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கிறோம், அதற்குக் கூலி கொடுங்கள்.

கால்டர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். ஒப்பந்தம் டிசம்பர் 1 முதல் மார்ச் 30 வரை. அந்த நாட்களுக்குள் எத்தனை ஆட்டம் வைத்தாலும் ஆட வேண்டியது கடமை. சட்டப்படி அவர் சொன்னதில் குற்றம் காண்பது கடினம். ஆட்டக்காரர்கள் அசையவில்லை. கால்டர் அவர்கள் எல்லாரையும் இடைநீக்கம் செய்து, ஆளுக்கு 200 டாலர் அபராதம் போட்டார். அவர்கள் கேட்ட அதே தொகை! அரையிறுதியில் டொரொண்டோவை வென்ற கனடியன்ஸை லீகின் சாம்பியனாக அறிவித்து, ஸ்டான்லி கோப்பைக்காக மோத மேற்கே அனுப்பினார். அது விக்டோரியாவிடம் கோப்பையை இழந்து திரும்பியது.

கதை அதோடு முடிந்திருந்தால் கண்டிப்பான தலைவர் என்று எழுதிவிட்டுப் போகலாம். முடியவில்லை. சில மாதங்களில் ஹாமில்டன் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை 75,000 டாலருக்கு வாங்கி, நியூயார்க் அமெரிக்கன்ஸ் என்ற புது அணியைத் தொடங்கினார் பில் டுவையர். மதுவிலக்குக் காலத்து நியூயார்க்கில் சாராயக் கடத்தலில் பெரும்புள்ளி அவர். 1925 டிசம்பரில் கைதாகி, பிறகு அட்லாண்டா சிறைக்கும் போனார். இருநூறு டாலர் கேட்ட ஆட்டக்காரர்கள் லீகின் ஒழுங்குக்கு ஆபத்து. கடத்தல்காரர் லீகின் அங்கத்தினர். மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்கன்ஸின் ஆட்டங்களுக்கு அரங்கம் நிரம்பியதைப் பார்த்த அரங்க முதலாளி டெக்ஸ் ரிக்கர்ட் அடுத்த ஆண்டே தன் சொந்த அணியாக ரேஞ்சர்ஸைத் தொடங்கினார். ஹாமில்டன் ரசிகர்களுக்குக் கிடைத்தது என்ன? முதலிடம் பிடித்த அணியை ஊரைவிட்டே இழந்தார்கள். அந்த ஊருக்கு இன்றுவரை வேறொரு என்.எச்.எல். அணி வரவில்லை.

1926 கால்டரின் உச்சம். மேற்கத்திய லீக் நொடித்துப்போய், அதன் ஆட்டக்காரர்களைப் பாட்ரிக் சகோதரர்கள் மொத்தமாகக் கிழக்கே விற்றார்கள். போர்ட்லாண்ட் அணியின் ஆட்கள் சிகாகோவுக்கும், விக்டோரியா அணியின் ஆட்கள் டெட்ராய்டுக்கும் போனார்கள். பத்து அணிகள், கனடியப் பிரிவு, அமெரிக்கப் பிரிவு என்று இரண்டு பிரிவுகள். ஸ்டான்லி கோப்பைக்காக மோத வேறு லீக் இல்லாததால் கோப்பையே என்.எச்.எல்.லின் வீட்டுச் சொத்தாகிவிட்டது. 1927இல் கான் ஸ்மைத் டொரொண்டோ அணியை வாங்கி மேப்பிள் லீஃப்ஸ் என்று பெயர் மாற்றினார். டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வளரும் நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் இன்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு தோல்விக்கு வருந்தும் அதே அணி.

தண்டனை வழங்குவதில் கால்டர் எப்படி? இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 1927 இறுதித் தொடர் முடிந்ததும் பாஸ்டனின் பில்லி குட்டு நடுவர் ஜெரி லாஃப்ளாமைத் தாக்கினார். கால்டர் 100 டாலர் அபராதம் போட்டு, ஆயுள் முழுக்க லீகில் ஆடத் தடை விதித்தார். தடை சில ஆண்டுகளில் தளர்ந்தாலும் குட்டு மறுபடி என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை. 1933 டிசம்பர் 12ஆம் தேதி, பாஸ்டன் அரங்கில், எட்டி ஷோர் பின்னாலிருந்து வந்து டொரொண்டோவின் ஏஸ் பெய்லியை இடித்துத் தள்ளினார். தன்னைக் கீழே தள்ளிய வேறொருவர் என்று நினைத்து இடித்தார் என்கிறார்கள். பெய்லியின் மண்டையோடு பனியில் மோதி உடைந்தது. மூளையில் அறுவை சிகிச்சை ஒன்றுக்கு மேல் நடந்தது. இரங்கல் செய்திக்குப் பத்திரிகைகள் தயாராகிவிட்டன. அவர் பிழைத்தார், ஆனால் ஆட்டம் முடிந்துபோனது. லீகின் நிர்வாக இயக்குநராக இருந்த ஃபிராங்க் பாட்ரிக் விசாரித்தார். ஷோருக்கு 16 ஆட்டங்கள் தடை. 48 ஆட்டப் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு.

நடுவரை அடித்தால் ஆயுள் தடை, ஆட்டக்காரரைச் சாவின் விளிம்புவரை தள்ளினால் 16 ஆட்டம். ஷோர் பாஸ்டனின் மிகப் பெரிய நட்சத்திரம், குட்டு வயதான தடுப்பாட்டக்காரர் என்பதை மறக்க முடியாது. கால்டருக்காக வாதாடுபவர்கள், நடுவரின் பாதுகாப்பு போனால் ஆட்டமே போய்விடும், ஷோருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்பார்கள். வாதம் சரிதான். ஆனாலும் லீகின் அதிகாரத்தைத் தொட்டவருக்கும் சக ஆட்டக்காரரின் உடம்பைத் தொட்டவருக்கும் இடையே அவர் வைத்த தூரம், அவர் எதைக் காக்க உட்கார்ந்திருந்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 1934 பிப்ரவரி 14ஆம் தேதி மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் பெய்லிக்காக நடத்திய நிதியாட்டம் இருபதாயிரம் டாலருக்கு மேல் திரட்டியது. கறுப்புக் கண்ணாடியும் கோட்டும் போட்டு வந்த பெய்லி, ஷோரின் கையைப் பிடித்துக் குலுக்கியபோது அரங்கமே எழுந்து கத்தியது. லீகைச் சங்கடத்திலிருந்து மீட்டது தலைவரின் தீர்ப்பைவிடப் பெய்லியின் பெருந்தன்மைதான்.

வெளியாட்களிடம் அவருக்கு இரக்கமே கிடையாது. சிகாகோவின் தானிய வியாபாரி ஜேம்ஸ் நாரிஸ், என்.எச்.எல்.லில் இடம் கிடைக்காததால், 1930 வாக்கில் போட்டி லீகில் சிகாகோ ஷாம்ராக்ஸ் அணியை நடத்தினார். கால்டர் அந்த லீகைச் சட்டவிரோத லீக் என்று அறிவித்தார். ஸ்டான்லி கோப்பைக்குச் சவால் விட்டார்கள்; கோப்பையின் அறங்காவலர் வில்லியம் ஃபோரன் காது கொடுத்துக் கேட்டும் என்.எச்.எல். தன் சாம்பியனை அனுப்பவே இல்லை. பொருளாதார மந்தத்தில் போட்டி லீக் தடுமாறியது. 1932இல் நொடித்துக் கிடந்த டெட்ராய்ட் அணியை நாரிஸ் வாங்கி உள்ளே வந்து சேர்ந்தார். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அப்படிப் பிறந்தது. பணம் உள்ள எதிரிக்குக் கதவு கடைசியில் திறந்தது. லிவிங்ஸ்டனுக்குத் திறக்கவே இல்லை.

முப்பதுகளின் மந்தம் லீகை ஒவ்வொரு அணியாகத் தின்றது. பிட்ஸ்பர்க் பிலடெல்ஃபியாவுக்குப் போய், அங்கே 44 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று மறைந்தது. கோப்பைகள் பல வென்ற ஒட்டாவா செயின்ட் லூயிஸுக்குப் போய் ஒரே பருவத்தில் முடிந்தது. மரூன்ஸ் 1938இல் நின்றது. டுவையரின் பணம் வற்றியதும் அமெரிக்கன்ஸை லீகே எடுத்து நடத்தியது. அந்த அணியும் 1942இல் போனது. மந்தத்தின் நடுவே 1932இல் அணிக்கு 70,000 டாலர், ஆளுக்கு 7,500 டாலர் என்று சம்பள உச்சவரம்பு போட்டார்கள். செலவைக் குறைக்க வேண்டிய நேரம்தான். குறைந்தது யாருடைய பை என்பதும் தெரிந்ததே. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே உரியவர் என்ற விதி இருந்ததால், அவர்கள் வேறெங்கும் போய் விலை பேச முடியாது. போட்டி லீகுகளைக் கால்டர் அத்தனை மூர்க்கமாக எதிர்த்ததன் பொருள் இங்கே புரியும். இன்னொரு லீக் இருந்தால் சம்பளம் ஏறும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், அவரை வெறும் கையாள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவரையொருவர் விழுங்கப் பார்க்கும் பத்துப் பணக்காரர்களை ஒரே மேசையில் இருபத்தைந்து ஆண்டுகள் உட்காரவைப்பது சாதாரண வேலை அல்ல. என்.எச்.ஏ. எட்டு ஆண்டுகளில் சிதறியது. மேற்குக் கரை லீகும் நிலைக்கவில்லை. உலகப் போர் இரண்டு, கொள்ளைநோய் ஒன்று, பொருளாதார மந்தம் ஒன்று என்று எல்லாவற்றையும் தாண்டி நின்றது கால்டரின் லீக் ஒன்றுதான். போட்டி அணிகளின் நடுவே ஒரு முதலாளிக்குச் சாதகமாக இன்னொருவரை அவர் ஏமாற்றினார் என்று வலுவான குற்றச்சாட்டு கிடையாது. புதிய ஆட்டக்காரர்கள் மேல் அவருக்கு அக்கறையும் இருந்தது. 1936-37 முதல் ஆண்டுதோறும் ஒரு கோப்பை வாங்கி, சிறந்த புதுமுகம் அதைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி கொடுத்தார். முதலில் பெற்றவர் டொரொண்டோவின் சில் ஆப்ஸ்.

இரண்டாம் உலகப் போரில் ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். 1942 நவம்பரில் கூடுதல் நேர ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஆட்டம் நீண்டால் போர்க்கால ரயிலைப் பிடிக்க முடியாது. விதிகளை ரயில் அட்டவணைக்கு ஏற்ப வளைத்த அந்த முடிவிலும் பழைய கால்டர் தெரிகிறார். 1943 ஜனவரி 25ஆம் தேதி டொரொண்டோவில் முதலாளிகள் கூட்டத்தில் இருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. பிப்ரவரி 4ஆம் தேதி மொன்ட்ரியலில் இறந்தார். வயது 65.

இப்போது வழக்குக்கு வருவோம். கால்டர் முதலாளிகளுக்கு இடையே நடுவர். முதலாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே முதலாளிகளின் ஆள். முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் அவரைப் பெரிய மனிதராக்கினார்கள், இரண்டாம் பாதியை மட்டும் படித்தவர்கள் சூழ்ச்சிக்காரராக்கினார்கள். வியாபாரம் என்று சொன்ன ஆய்வாளர்கள்தான் உண்மைக்கு அருகே நிற்கிறார்கள், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஷார்ட்டி கிரீனின் இருநூறு டாலரை மறந்துவிடக் கூடாது. கால்டர் 1947இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அது அவருக்குத் தகும். யாரை விலக்குவதற்காக லீக் பிறந்ததோ அந்த எட்டி லிவிங்ஸ்டன் 1945இல் இறந்தார். அவர் பெயர் இன்னும் அங்கே இல்லை. இருக்க வேண்டும்.